வேலியில்லா வயல்களின் ஊர்: வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்து வயல்கள் என்றாலே உயிர்வேலி சூழ்ந்த சிறு சிறு சதுரங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. வேலியே இல்லாமல் பழைய முறையில் பயிரிடும் ஓர் ஊர் இன்னும் அங்கே இருப்பதாகச் சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது எந்த ஊர்? கூட்டுப்பண்ணை போன்றதா?
– வாசகர், திருவாரூர்

அந்த ஊரின் பெயர் லாக்ஸ்டன். நாட்டிங்ஹாம் நகரிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 40 கி.மீ. தொலைவில், சில நூறு பேர் மட்டுமே வாழும் சிற்றூர் அது. கூட்டுப்பண்ணை என்று அதைச் சொல்ல முடியாது. யார் உழுது விதைக்கிறாரோ அவருக்கே விளைச்சல் சேரும். ஆனால் எந்த வயலில் எந்த ஆண்டு என்ன விதைப்பது என்பதை ஊர் முழுவதற்குமான சுழற்சி முறையே வரையறுக்கிறது.

மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்று மூன்று பெருவயல்கள் அங்கே உள்ளன. மூன்றும் சேர்ந்து இன்று சுமார் 480 ஏக்கர் இருக்கும். ஒன்றில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் இளவேனிலில் விதைக்கும் பயிர், மூன்றாவது தானியமின்றி ஆறப்போடப்படும். அடுத்த ஆண்டு இந்த முறை ஓர் இடம் நகர்ந்துவிடும். ஒவ்வொரு குடியானவருக்கும் மூன்று வயல்களிலும் நீளநீளமான துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. ஆறப்போடும் வயலில் மட்டுமே ஒருவருடைய நிலம் முழுவதும் இருந்துவிட்டால் அந்த ஆண்டு அவர் வீட்டில் அடுப்பு எரியாது என்பதும், நல்ல மண்ணும் களிமண்ணும் மேடும் பள்ளமும் எல்லாருக்கும் பங்காக வரவேண்டும் என்பதும் இந்தச் சிதறலுக்குப் பின்னால் உள்ள கணக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துண்டுகள் சிலவற்றை இணைத்துப் பெரிதாக்கினார்கள். ஆகவே இப்போது அங்கே டிராக்டர் தாராளமாக ஓடுகிறது. பண்ணை வீடுகள் வயல் நடுவே தனித்தனியாக நிற்காமல் ஊர்த்தெருவிலேயே வரிசையாக அமைந்திருப்பதற்கும் இதுவே காரணம்: நிலம் மூன்று திசைகளிலும் கிடக்கும்போது, எல்லாவற்றுக்கும் பொதுவான நடுவிடம் ஊர்தான்.

மற்ற ஊர்களில் இந்த முறை ஏன் அழிந்தது? லாக்ஸ்டன் மட்டும் எப்படித் தப்பியது?
– வாசகி, மன்னார்குடி

அழிந்தது என்பதைவிடச் சட்டம் போட்டு அழித்தார்கள் என்பதே பொருத்தம். 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை இயற்றியது. அவற்றால் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் நிலம் தனித்தனி உடைமைகளாக அடைக்கப்பட்டது. விளைச்சலைப் பெருக்க அது உதவியது என்று வாதிடுவோர் உண்டு, அந்த வாதத்தில் உண்மையும் உண்டு. ஆனால் சொந்தமாகத் துண்டு நிலம்கூட இல்லாமல், பொது நிலத்தில் ஒரு பசுவை மேய்த்தும் சுள்ளி பொறுக்கியும் பிழைத்த குடும்பங்களுக்கு வேலிக்கு உள்ளே இடமில்லாமல் போயிற்று. இங்கிலாந்துக் கிராமத்தின் அழகைப் பாடும்போது நாம் வியக்கும் அந்த உயிர்வேலிகளில் பல, இப்படித்தான் நடப்பட்டன என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

லாக்ஸ்டனிலும் ஒரு பகுதி நிலம் அடைக்கப்பட்டதுதான். எஞ்சியதை முழுவதும் அடைக்க முடியாமல் போனதற்கு, உடைமை பல கைகளில் பின்னிக் கிடந்ததால் உடன்பாடு எட்டுவது கடினமாக இருந்தது முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. நெடுங்காலம் பியர்பாண்ட் குடும்பத்தின் மேன்வர்ஸ் பிரபுக்களிடம் இருந்த இந்தப் பண்ணையை, பழைய முறை நிலைக்க வேண்டும் என்பதற்காகவே 1952-இல் அரசின் வேளாண் அமைச்சகம் வாங்கியது. 1981-இல் அது முடியரசின் நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டின் கைக்குச் சென்றது. 2020-இல், பழைய குடும்பத்தின் வழித்தோன்றல்களுக்கு உரிய தோர்ஸ்பி எஸ்டேட் அதைத் திரும்ப வாங்கியது.

இத்தனை பேர் வேலியில்லாமல் அருகருகே உழுதால் எல்லைத் தகராறு வராதா? யார் தீர்ப்பது?
– வாசகர், பரமக்குடி

வரும். அதற்காகவே அங்கே ஒரு நீதிமன்றம் இருக்கிறது. என் பார்வையில் லாக்ஸ்டனின் உயிர் வயல்களைவிட இந்த நீதிமன்றத்தில்தான் அதிகம் இருக்கிறது.

அதற்கு ‘கோர்ட் லீட்’ என்று பெயர். இடைக்கால நிலக்கிழார்களின் நீதிமன்றங்களில் எஞ்சியது அது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் இறுதியில் ஊர்க் குடியானவர்களிலிருந்தே அமைக்கப்பட்ட ஜூரிகள், அந்த ஆண்டு கோதுமை விதைக்கப்பட்ட பெருவயலுக்குச் செல்கிறார்கள். எவராவது தம் துண்டின் நுனியைத் தாண்டி வண்டிப்பாதையை உழுதுவிட்டாரா, பக்கத்துக்காரர் நிலத்தில் கை வைத்துவிட்டாரா, உழக்கூடாத புல்பட்டையில் ஏர் இறங்கியதா என்று நடந்தே பார்க்கிறார்கள். எல்லை மங்கிப்போன இடங்களில் முளை அடித்து மீண்டும் குறிக்கிறார்கள். பின்னர், டிசம்பரில், ஊரின் ஒரே மதுவிடுதியான டவ்கோட் இன்னில் நீதிமன்றம் கூடுகிறது. ஜூரிகள் கண்ட குறைகள் அங்கே படிக்கப்பட்டு அபராதம் விதிக்கப்படும். அடுத்த ஆண்டுக்கான ஜூரிகளும் அங்கேயே உறுதிமொழி ஏற்பார்கள். அபராதத் தொகை சிறியதுதான். ஆனால் அண்டைவீட்டார் அனைவரும் அமர்ந்திருக்கும் அறையில், ‘இன்னார் பாதையை உழுதார்’ என்று பெயரோடு வாசிக்கப்படுவதற்கு எடை அதிகம். 1977-இல் இத்தகைய பழைய நீதிமன்றங்களின் அதிகாரங்களை ஒரு சட்டம் பறித்தபோது, லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்கு அளித்தது. எனவே இது விழாவுக்காக நடத்தப்படும் வேடிக்கை அன்று.

மேலே சொன்ன புல்பட்டைகளுக்கு ‘சைக்’ என்று பெயர். ஈரமும் சரிவும் காரணமாக உழ முடியாத அந்த இடங்களில் பல நூற்றாண்டுகளாகக் கலப்பை படவில்லை. காட்டுப்பூக்கள் அங்கே செழித்து நிற்கின்றன. அவற்றின் புல்லை அறுக்கும் உரிமை ஆண்டுதோறும் கோடையில் ஏலம் விடப்படுகிறது.

தப்பி அலையும் கால்நடையைப் பிடித்து அடைக்க ‘பிண்டர்’ என்ற ஊர்ப்பணியாளரும் அதற்கென ஒரு பட்டியும் அங்கே உண்டு. நம் பக்கத்து வாசகர்களுக்கு இது உடனே விளங்கும். பயிரை மேய்ந்த மாட்டை அடைத்துத் தண்டம் வாங்கிய ‘பவுண்டு’ என்ற சொல்லே ஆங்கிலேயர் கொண்டுவந்ததுதான். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் அதை இந்தியா முழுவதும் நடைமுறையாக்கியது. தென்மாவட்டங்களில் நாம் கொண்டித்தொழு என்றோம்.

என் மகள் நாட்டிங்ஹாமில் படிக்கிறாள். சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு கடைகூட இல்லை, பேருந்தும் எப்போதோதான் வருகிறது என்கிறாள். வளர்ந்த நாட்டில் இப்படியா?
– வாசகி, கரூர்

உங்கள் மகள் சொல்வது சரியே. மின்சாரம், குடிநீர், நல்ல சாலை என்ற அளவில் அந்தக் கிராமங்களுக்குக் குறையில்லை. ஆனால் காலையில் கருவேப்பிலை வாங்கத் தெருமுனைக்குப் போகும் வாழ்க்கை அங்கே இல்லை. குழாய் எரிவாயு எட்டாத ஊர்களில் வீட்டைச் சூடாக்குவதற்கான எண்ணெயை லாரியில் வரவழைத்துத் தோட்டத்துத் தொட்டியில் நிரப்பிக்கொள்கிறார்கள். மருத்துவரும் மருந்துக்கடையும் பெரும்பாலும் பக்கத்துப் பெரிய ஊரில்தான் இருப்பார்கள். கார் ஓட்ட முடியாத முதியவருக்கு இது நிஜமான துன்பம். ‘அமைதியான கிராமம்’ என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஊர்நிர்வாகத்தைப் பொறுத்தவரை, 1894-ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய ‘பாரிஷ் கவுன்சில்’ என்ற அமைப்பு உண்டு. ஊர்க்கூடம், விளையாட்டுத்திடல், இடுகாடு, நடைபாதை போன்றவற்றை அது கவனிக்கும். செலவுக்கு வீட்டுவரியோடு சேர்த்து ஒரு சிறு தொகை வசூலாகும். பள்ளியும் பெருஞ்சாலையும் அதன் அதிகாரத்தில் வாரா. எனவே நம் ஊராட்சியோடு அப்படியே ஒப்பிட இயலாது.

எனக்கு மதிப்பு ஏற்படுவது வேறொன்றில். கடையோ மதுவிடுதியோ மூடப்படும் நிலை வந்தால் ஊராரே பங்குப்பணம் போட்டு வாங்கி, முறைவைத்துத் தாமே நடத்தும் இடங்கள் இருக்கின்றன. ஊருக்குத் தேவையான கட்டடம் என்று முன்கூட்டியே பதிவு செய்திருந்தால், விற்பனைக்கு வரும்போது பணம் திரட்ட ஊராருக்கு ஆறு மாதம் வரை அவகாசம் தர 2011-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. பயனற்றுப்போன சிவப்புத் தொலைபேசிக் கூண்டை ஒரே ஒரு பவுண்டுக்குப் பெற்று, மாரடைப்பின்போது உதவும் மின்னதிர்ச்சிக் கருவியை அதில் வைத்த ஊர்கள் பல.

லாக்ஸ்டனுக்கு நேரில் போனால் என்ன பார்க்கலாம்?
– வாசகர், நாமக்கல்

நார்மன் காலத்து மண்மேட்டுக் கோட்டையின் தடம், புனித மைக்கேல் தேவாலயம், விடுதியை ஒட்டிய சிறு தகவல் மையம் ஆகியவை ஊருக்குள்ளேயே இருக்கின்றன. தேவாலயத்தில் எவரிங்ஹாம் குடும்பத்துப் பெண் ஒருவரின் இடைக்கால மரச்சிற்பம் படுத்த நிலையில் உள்ளது; அந்த மாவட்டத்தில் அந்தக் காலத்து மரச்சிற்பம் அது ஒன்றே. ஊரை ஒட்டி, 1995-இல் திறக்கப்பட்ட யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகமும் இருக்கிறது. அதற்குத் தனியாக அரைநாள் ஒதுக்குங்கள்.

1635-இல் மார்க் பியர்ஸ் என்பவர் வரைந்த லாக்ஸ்டன் வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது. ஒவ்வொரு துண்டையும் குறித்ததோடு, உழுவோரையும் விதைப்போரையும் அறுப்போரையும்கூட அவர் அதில் சிறு உருவங்களாக வரைந்து வைத்தார். அதன் படத்தைப் பார்த்துவிட்டுப் போனால் வயல்கள் நன்கு விளங்கும். பூக்களுக்கு ஜூன் ஏற்ற மாதம். குளிர்காலத்தில் போகிறவர்கள் குறித்த பாதையை விட்டு இறங்க வேண்டாம். முளைத்து ஒரு சாண்கூட உயராத கோதுமை, பார்ப்பதற்கு வெறும் புல்லைப்போலவே இருக்கும்.