பத்திர நகலில் ஆதார் எண் முழுசாக இருக்கிறது, நீக்க முடியுமா?

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவும் நானும் சேர்ந்து ஒரு மனையை விற்றோம். போன வாரம் அந்தப் பத்திரத்தின் நகல் ஒரு புரோக்கர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிச் சுற்றி எனக்கே வந்தது. எங்கள் இருவரின் ஆதார், பான், செல் நம்பர், கைரேகை எல்லாம் அப்படியே தெரிகிறது. பதிவு அலுவலகத்தில் சொல்லி நீக்க முடியுமா?

பதில்: பத்திரத்தை நீக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், "நான் ஆள் வைத்து எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டு வந்தால் ஏமாறாதீர்கள். 1908 பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவுப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1-ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். வாங்குகிறவர் ஏமாறக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை எழுதிய காலத்தில் ஆதார் எண்ணும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை.

சரி, எண்ணை மறைக்கச் சொல்லலாமா என்றால், தாராளமாகக் கேட்கலாம். ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று 2016 ஆதார் சட்டத்தின் 29(4) சொல்கிறது. ஆதார் எண் உள்ள பதிவேட்டை வெளியிடும் எந்த அமைப்பும் எண்ணை மறைத்துத்தான் வெளியிட வேண்டும் என்று அந்த ஆண்டே வந்த தகவல் பகிர்வு ஒழுங்குமுறையும் சொல்கிறது. இந்த இரண்டையும் காட்டி, ஆவண எண், வருடம் குறிப்பிட்டு, இனி தரும் நகல்களில் முதல் 8 இலக்கங்களையும் கைரேகையையும் மறைக்கும்படி சார்பதிவாளருக்கு மனு கொடுங்கள், மாவட்டப் பதிவாளருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். கையெழுத்தும் தேதியும் போட்ட ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். பதிலே வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் ரிட் மனு போட அந்த ஒப்புகைதான் உங்கள் ஆதாரம். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மட்டும் நம்பி மனு எழுதாதீர்கள், ஒரு சட்டக் கடமைப்படி பொதுவில் வைக்கப்பட்ட தகவலுக்கு அது பொருந்தாது என்று அதன் 3-வது பிரிவே சொல்லிவிடுகிறது.

அந்தப் புரோக்கருக்கு, நகலை உடனே அழிக்கும்படி எழுத்தில் அனுப்புங்கள். குழுவில் வந்த செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

எனக்கு உண்மையில் பயம் தருவது எண் இல்லை, ரேகைதான். நகலைத் திருப்பிப் பாருங்கள், புகைப்படத்துக்குப் பக்கத்தில் பெருவிரல் ரேகை பளிச்சென்று இருக்கும். 2018-ல் தெலங்கானாவில் ஒருவர், இணையத்தில் கிடைத்த பத்திரங்களிலிருந்து ரேகையை எடுத்துப் போலியாகச் செய்து சிம் கார்டுகளைச் செயல்படுத்திப் பிடிபட்டார். எண்ணும் ரேகையும் ஒரே காகிதத்தில் கிடைத்தால், ஓடிபி கூட இல்லாமல் ஆதார் வழியாக வங்கிக் கணக்கில் பணம் எடுக்க முயல்வார்கள். அதனால் மனு எழுதுவதற்கு முன்பே, இன்றைக்கே, ஆதார் ஆணையத்தின் செயலியில் உங்கள் இருவரின் பயோமெட்ரிக்கையும் (கைரேகை, கண் பதிவு) பூட்டிவிடுங்கள். அம்மா ரேஷன் கடையில் விரல் வைக்கிறவர் என்றால் போகும்போது திறந்துகொள்ளலாம், கொஞ்ச நேரத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டிருக்கிறது என்ற கடந்த ஆறு மாதக் கணக்கை ஆதார் இணையதளத்தில் பாருங்கள். நீங்கள் செய்யாத சரிபார்ப்பு ஏதாவது இருந்தால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அன்றே சொல்லுங்கள். தவறு உங்கள் பக்கமும் வங்கிப் பக்கமும் இல்லாத மோசடியில், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்பது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை.

அடுத்த முறை பத்திரம் எழுதும்போது, வரைவை ஆவண எழுத்தரிடம் வாங்கி நீங்களே ஒரு முறை படியுங்கள். 12 இலக்கமும் பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று 1908 பதிவுச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள், செல் நம்பர் இருக்கும் வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். "எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க" என்று அவர் சொல்வார், விடாதீர்கள்.