செல்வம் கொழிக்கும் நாட்டில் உணவு வங்கி எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன், விடுமுறை நாள்களில் அங்குள்ள ‘உணவு வங்கி’ ஒன்றில் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்கிறான். அவ்வளவு வசதியான நாட்டில் பசி எப்படி வந்தது? அந்த வங்கி மதுரைக்கும் தேவைதானா?
– ஒரு வாசகி, செல்லூர், மதுரை.

பதில்: அங்கே உணவுக்குப் பஞ்சமில்லை, பலர் கையில் மாதக் கடைசியில் காசுதான் இருப்பதில்லை. வாடகையையும் மருத்துவச் செலவையும் தள்ளிப்போட முடியாத குடும்பம், சாப்பாட்டுச் செலவில்தான் கை வைக்கிறது. 2023ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடும்பங்களில் 13.5 சதவீதம் ஏதேனும் ஒரு சமயத்தில் போதிய உணவுக்கு வழியின்றித் தவித்ததாக அந்நாட்டு வேளாண்மைத் துறையே கணக்குச் சொல்கிறது. அவர்களில் வேலைக்குப் போகிறவர்களும் ஏராளம் என்பதே என்னை மிகவும் வருத்துகிறது.

உணவு வங்கி பெரும்பாலும் ஒரு கிடங்குதான். 1967இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர், கடைகள் கழித்துப்போடும் நல்ல பண்டங்களைச் சேர்த்துவைத்து, இல்லாதவர்களுக்கு வழங்கும் அமைப்புகளிடம் ஒப்படைக்கும் முறையைத் தொடங்கினார். இன்றும் ஆலைகள், விவசாயிகள், பல்பொருள் அங்காடிகள் ஆகியோரிடமிருந்து வரும் உபரியைத் தரம் பிரித்து, காலாவதித் தேதி பார்த்து, குளிர்பதன அறையில் வைத்து, தேவாலயங்களும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் விநியோக மையங்களுக்கு அனுப்புவதே அதன் வேலை. நல்லெண்ணத்தோடு கொடுத்த உணவால் கேடு நேர்ந்துவிட்டால் வழக்கு வருமோ என்று தயங்கிய நிறுவனங்களுக்கு, 1996இல் வந்த சட்டம் ஒன்று பாதுகாப்பு அளித்தது. ஆயினும் அங்கே ஏழைகளின் பசியைப் பெருமளவு தாங்குவது அரசின் உணவு உதவித் திட்டமே. அது போதாத இடத்தை நிரப்புவதுதான் வங்கி. அரசின் கடமையை அதன் தலையில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியாது.

தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. இவை உரிமையாகக் கிடைப்பவை. எவரும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆனால் குடும்ப அட்டையோ அடுப்போ இல்லாமல் தெருவோரம் வாழும் முதியவர்களுக்கு ரேஷன் அரிசி எப்படிப் பயன்படும்? அவர்களுக்குச் சமைத்த உணவே வேண்டும்.

மதுரையில் அதற்குக் கைகொடுக்கக் கூடியவை கல்யாண மண்டபங்கள். உபரி உணவை மீட்டு வழங்குவதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் விதிமுறைகள் வகுத்திருக்கிறது. நம் ஊர் வெயிலில் சோறும் சாம்பாரும் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும் என்பதால், எல்லாரும் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கடைசிப் பந்தி உட்காரும்போதே, இலைக்குப் போகாத உணவைச் சமையல் மேஸ்திரி தனிப் பாத்திரத்தில் மூடி எடுத்துவைக்க வேண்டும். தொண்டு அமைப்பின் வண்டி அப்போதே வாசலில் நிற்க வேண்டும். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பே அந்த அமைப்புக்குச் சொல்லிவைத்தால் இது நடக்கும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே பேசிவிடுவது இன்னும் நல்லது.