கழுவக் கழுவக் கட்டிபடும் காந்தத் துகள்கள்

அன்புள்ள ஐயா,

நான் முதுநிலை வேதியியல் மாணவி. ஃபெரஸ், ஃபெரிக் குளோரைடுகளை ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் கரைத்து, அம்மோனியா விட்டு இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள் செய்தேன். விட்டவுடனே கரேலென்று வீழ்படிவு வந்தது, காந்தத்தின் பக்கம் ஓடியது. பிஎச் 7, அதாவது அமிலமும் காரமும் இல்லாத நடுநிலை, வரும்வரை கழுவி வைத்தேன். மறுநாள் எல்லாம் அடியில் கட்டியாகப் படிந்துவிட்டது. போகப்போக நிறமும் பழுப்பாகிறது. எங்கே தவறு?

க.

அன்புள்ள க.,

கரேலென்று வந்து காந்தத்துக்கு ஓடியதென்றால் துகள்கள் ஒழுங்காகவே உருவாகியிருக்கின்றன. பழுப்பாவது ஒரு சிக்கல், படிவது இன்னொன்று.

பழுப்புக்குக் காரணம் காற்று. நீங்கள் செய்த கறுப்பு ஆக்சைடான மேக்னடைட்டில் உள்ள ஃபெரஸ் இரும்பை ஆக்சிஜன் ஃபெரிக்காக மாற்ற, அது மேக்ஹெமைட் என்ற பழுப்பு ஆக்சைடாகிறது. படிக அமைப்பு ஏறக்குறைய அப்படியே இருப்பதால் காந்தத்தன்மை ஓரளவுதான் குறையும், கொட்டிவிடாதீர்கள். மேக்னடைட்டேதான் வேண்டுமென்றால் நீரைக் கொதிக்கவைத்து, நைட்ரஜன் செலுத்தியபடி ஆறவிட்டு, அதில் உப்புகளைக் கரையுங்கள். ஃபெரஸ் உப்பின் பச்சை மங்கி மஞ்சள் பூத்திருந்தால் அந்தப் புட்டியைத் தொடாதீர்கள். விகிதம் அங்கேயே கெட்டுவிடும்.

படிவதற்குக் காரணம் நீங்கள் அக்கறையோடு கழுவியதுதான். இந்தத் துகளின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் இருக்கின்றன. காரத்தில் அவை எதிர்மின்சுமையும் அமிலத்தில் நேர்மின்சுமையும் பெறுகின்றன. ஒரே சுமை உள்ள துகள்கள் ஒன்றையொன்று தள்ளுவதால்தான் மிதக்கின்றன. பிஎச் 7-ஐ ஒட்டிய இடத்தில் அந்தச் சுமை ஏறக்குறைய இல்லாமல் போகிறது. தள்ளுவிசை போனதும் கவர்ச்சி விசைகள் துகள்களைச் சேர்த்துக் கட்டியாக்கிவிடும். 1981-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மசார் நீரில் காந்தத் திரவம் (காந்தத் துகள்கள் படியாமல் மிதக்கும் திரவம்) செய்து காட்டியபோது, சோப்பு மாதிரிப் பொருள் எதையும் சேர்க்காமல் அமிலத்திலும் காரத்திலும் இந்தச் சுமையை வைத்தே துகள்களை மிதக்கவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

உங்களுக்கு நடுநிலை நீரில் மிதக்க வேண்டும் என்றால் சிட்ரேட் பூச்சு போடுங்கள். இரண்டு மூன்று முறை கழுவியதோடு நிறுத்தி, ஈரம் காயும்முன் சிட்ரிக் அமிலம் சேர்த்து, 80, 90 டிகிரி செல்சியஸில் கலக்குங்கள். அப்புறம் பிஎச்சை 7-க்குக் கொண்டுவரலாம். சிட்ரேட்டின் சில கார்பாக்சில் (அமில) முனைகள் மேற்பரப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். மீதி முனைகள் எதிர்மின்சுமையோடு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பிஎச் 7-லும் தள்ளுவிசை இருக்கும். எண்ணெயில் மிதக்கவேண்டுமென்றால் ஒலியிக் அமிலம்.

பூச்சு இல்லாத துகளை மட்டும் அடுப்பில் உலர்த்திப் பொடியாக்காதீர்கள். காயும்போது ஒட்டிக்கொண்டவற்றை மீயொலி கொடுத்தாலும் முழுதாகப் பிரிக்க முடியாது.

செய்து முடித்ததும் குப்பியின் பக்கவாட்டில் காந்தத்தை வையுங்கள். கறுப்பு ஒரு மூலையில் ஒதுங்கி, சட்டென்று தெளிந்த நீர் தெரிந்தால் இன்னும் கட்டி இருக்கிறது என்று பொருள். முழுத் திரவமும் கறுப்பாகவே காந்தத்தை நோக்கிச் சாய்ந்தால் பூச்சு பிடித்துவிட்டது.