வீட்டில்தானே இருக்கிறாள்

கேள்வி: ஜேர்மனியில் எசன் நகரில் வசிக்கிறோம். மகளுக்கு 34 வயது. டுசுல்டோர்ஃப் பல்கலைக்கழகத்தில் இலக்கிய மொழிபெயர்ப்புப் படித்துவிட்டு, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வரும் கலை வரலாறு, பண்பாட்டு வரலாறு பற்றிய நூல்களை ஜேர்மன் மொழிக்குக் கொண்டுவருகிறாள். எட்டு வருடமாகியும் நிலையான வருமானம் இல்லை. ஓய்வூதியத்துக்கும் வழி தெரியவில்லை. யாரோ எழுதியதை மாற்றி எழுதுவதெல்லாம் ஒரு வேலையா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அவளுடைய அண்ணன் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். இவள் வீட்டில்தானே இருக்கிறாள் என்பதால், என் மாமியாரை வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் வருவதும் இவள்தான். மற்றபடி குறை சொல்ல முடியாத பிள்ளை. அலுவலக வேலை ஒன்றுக்குப் போகும்படி அவளுக்கு நீங்கள் புத்தி சொல்ல வேண்டும்.

பதில்: சகோதரி, கடிதம் எழுதியவர் நீங்கள், ஆகவே நான் சொல்ல வேண்டியதும் உங்களுக்குத்தான். வருமானம், ஓய்வூதியம், சொந்தக்காரர்கள் என்று நீங்கள் அடுக்கியவற்றையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, போகிற போக்கில் எழுதிய அந்த டயாலிசிஸ் வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. வரிக்கு 60 எழுத்து, பக்கத்துக்கு 30 வரி என்று கணக்கிட்டுப் பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் பதிப்பகங்கள் கொடுக்கின்றன. அந்தத் தொகை பெரும்பாலும் 20 யூரோவைச் சுற்றியே நிற்கிறது. ஒரு நாளில் ஐந்து பக்கம் முடிப்பாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள்கள் மருத்துவமனையில் கழிந்தால், வாரத்துக்குப் 15 பக்கமும் 300 யூரோவும் போயிற்று. சிகிச்சைக்கே நாலைந்து மணி நேரம் ஆகும். போக்குவரத்தையும், வீடு திரும்பிய பிறகு நோயாளிக்கு வரும் அசதியையும் சேர்த்தால் அந்த நாளில் மிச்சம் என்ன இருக்கும்? எட்டு வருடமாக அவளுடைய வருமானத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது தொழில் மட்டுமா, உங்கள் வீடுமா என்று ஒரு தாளை எடுத்து நீங்களே எழுதிப் பாருங்கள்.

கட்டிலருகே மடிக்கணினியை வைத்துக்கொண்டு செய்யலாமே என்று நீங்கள் சொல்லக்கூடும். நாவலுக்கு வேண்டுமானால் அது ஓரளவு ஒத்துவரும். ஓர் ஆங்கிலக் கலை வரலாற்று நூலில் ட்யூரர் என்ற ஜேர்மன் ஓவியரின் கடிதத்திலிருந்து நான்கு வரிகள் மேற்கோளாக வந்தால், அவற்றை ஆங்கிலத்திலிருந்து திருப்பி எழுத முடியாது. 500 வருடங்களுக்கு முன் அவர் ஜேர்மன் மொழியில் எழுதிய அதே வரிகளை நூலகத்தில் தேடி எடுத்து வைக்க வேண்டும். ஓவியத்தில் இடக்கையில் புத்தகம் இருப்பதாக ஆசிரியர் எழுதியிருந்தால், படத்தைத் திறந்து அது இடக்கைதானா என்று பார்க்க வேண்டும். அந்த நான்கு வரிகளுக்காக நூலகத்தில் அரை நாள் போனாலும் கூலி நான்கு வரிகளுக்குத்தான்.

சொந்தக்காரர்களின் கேள்விக்கும் ஒரு விடை இருக்கிறது. பனோஃப்ஸ்கி, சாக்ஸ்ல், கிளிபான்ஸ்கி என்ற மூன்று யூத அறிஞர்கள் ட்யூரரின் புகழ்பெற்ற ‘மெலன்கோலியா’ செதுக்கோவியத்தை மையமாக வைத்து ஜேர்மன் மொழியில் ஒரு பெரிய நூலை உருவாக்கினார்கள். நாத்சிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் மூவரின் வாழ்வும் அந்த நாட்டில் முறிந்துபோயிற்று. 1939இல் அச்சுப்படி திருத்தும் நிலைவரை வந்திருந்த நூலின் எழுத்துக்கோப்பு போரில் அழிந்தது; 1964இல் அது ஆங்கில நூலாகத்தான் வெளிவந்தது. ஜேர்மன் வாசகர் கைக்கு அது கிடைத்தது 1990இல், கிறிஸ்டா புஷென்டோர்ஃப் என்ற மொழிபெயர்ப்பாளரின் உழைப்பால். தன் அறிஞர்களைத் துரத்திய நாடு அவர்களுடைய எழுத்தைத் திரும்பப் பெற்றதே இப்படித்தான். உங்கள் மகள் இருப்பது இந்த வேலையில்.

இதனால் பணம் கொட்டும் என்று நான் சொல்லமாட்டேன். கெட்டி அட்டைப் பதிப்பு 5,000 பிரதிகளுக்கு மேல் விற்றால் மொழிபெயர்ப்பாளருக்கு நூலின் விலையில் 0.8 சதவீதம் பங்கு என்று ஜேர்மனியின் உச்ச நீதிமன்றம் 2009இல் வழிகாட்டியது. ஆனால் கலை வரலாற்று நூல்கள் அந்த எண்ணிக்கையைத் தொடுவது அரிது. ஓய்வூதியத்துக்கோ வழி இருக்கிறது. கூன்ஸ்ட்லர்சோட்சியால்காசே என்ற கலைஞர் காப்புறுதி அமைப்பு 1983 முதல் இயங்குகிறது. சொந்தமாகத் தொழில் செய்யும் மொழிபெயர்ப்பாளர் அதில் சேர்ந்தால், ஓய்வூதியத்துக்கும் நோய்க் காப்புறுதிக்கும் கட்ட வேண்டியதில் ஏறக்குறைய பாதியைத்தான் அவர் கட்டுகிறார். மகள் அதில் இருக்கிறாளா என்று எட்டு வருடத்தில் ஒருமுறையாவது கேட்டீர்களா?

முதியவரைப் பார்ப்பது கடமை, அதை நான் யாருக்காகவும் தளர்த்துவதில்லை. தளர்த்தாததனால்தான் கேட்கிறேன்: உங்கள் மாமியார் முதலில் உங்கள் கணவருக்கு அல்லவா தாய்? உத்தியோகத்தில் இருக்கும் அந்த அண்ணனுக்கும் அவர் அப்பம்மாதானே? சம்பளம் வாங்கும் ஆண்பிள்ளையின் நாள் விலையுள்ளது, வீட்டில் மேசையில் உட்கார்ந்து எழுதும் பெண்ணின் நாள் பொதுச்சொத்து என்று உங்கள் குடும்பம் வாய்திறக்காமலே தீர்மானித்திருக்கிறது. அந்தத் தீர்மானத்தில் உங்களுக்கும் பங்குண்டு. மாமியாருக்கான பராமரிப்புப் பணம் மாதந்தோறும் வருகிறதென்றால், அது யார் கணக்கில் விழுகிறது என்பதையும் பாருங்கள். இன்னொன்று: நீங்கள் விரும்புகிறபடி அவள் அலுவலகத்துக்குப் போய்விட்டால், கிழவியை யார் கூட்டிப்போவார்? அதை யோசித்திருந்தால் இந்தக் கடிதமே வந்திராது.

முதலில் மருத்துவரிடம் வாடகைக் காருக்குச் சீட்டு எழுதி வாங்குங்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு அந்தச் செலவை, அனுமதி பெற்றுக்கொண்டால், ஒரு சிறு பங்கு நீங்கலாக நோய்க் காப்புறுதி நிறுவனமே கொடுக்கிறது. மூன்று நாள்களில் ஒன்றை உங்கள் கணவரும் ஒன்றை மகனும் பொறுப்பேற்கட்டும். மகனுக்கு வார நாளில் விடுப்பு இல்லையென்றால் செவ்வாய், வியாழன், சனி என்று முறையை மாற்றித் தர முடியுமா என்று டயாலிசிஸ் செய்யும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது நாள் மகளுடையது. அதை அவள் மறுத்தால் அவளையும் கண்டிப்பேன். இப்படி ஒரு வருடம் போகட்டும். அதன் பிறகும் வருமானம் போதவில்லையென்றால் எழுதுங்கள், அலுவலக வேலையைப் பற்றி அப்போது பேசுவோம்.