எந்த வகை என்று தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

கேள்வி: நாத்தனார் மகன் சிங்கப்பூரிலிருந்து வந்து ஐந்து நாள் ஆகிறது. வந்த மறுநாளே அவனுக்குக் காய்ச்சல், தொண்டை வலி. இப்போது என் மாமியாருக்கும் இரண்டு நாளாகக் காய்ச்சல், இருமல். அவர்களுக்கு 72 வயது, சர்க்கரை உண்டு. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் லேப் தம்பி, "புது வேரியன்ட் மாதிரி இருக்கு. எந்த வகைன்னு பாக்குற பேக்கேஜ் 8,500 ரூபாய், நாலு பேருக்கும் சேத்து எடுத்தா குறைச்சுத் தாரேன்" என்கிறான். இப்போதைக்கு மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். டெஸ்ட் எடுக்கலாமா? 2021இல் போட்ட இரண்டு கோவிஷீல்டு இந்தப் புது வகைக்கு வேலை செய்யுமா? அடுத்த வாரம் மகளுக்கு வளைகாப்பு, தள்ளிப் போடவா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அம்மா, முதலில் அந்த 8,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் திரும்பக் கேளுங்கள்.

கொரோனா இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது ஒரு பரிசோதனை. அது என்ன வகை என்று பார்ப்பது முற்றிலும் வேறு. வைரஸின் மரபணுவை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும். இதற்கென்றே தமிழக அரசு 2021 செப்டம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஓர் ஆய்வகம் திறந்தது. நாடு முழுவதற்கும் இன்சாகாக் என்ற ஆய்வகக் கூட்டமைப்பு 2020 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அங்கெல்லாம் போவது தேர்ந்தெடுத்த சில மாதிரிகள்தான். முடிவு வரப் பல நாள் ஆகும், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். ஊரில் என்ன வகை பரவுகிறது என்று அரசு கணக்குப் பார்ப்பதற்காகச் செய்யும் வேலை அது. உங்கள் மாமியாருக்கு என்ன மாத்திரை கொடுப்பது என்பதை முடிவு செய்வதற்காக அல்ல.

அப்படியானால் அந்த பேக்கேஜில் என்னதான் இருக்கும்? என்னிடம் வந்த பில்களில், கொரோனா இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சாதாரண ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை ஒன்று இருந்தது. அதோடு டி-டைமர், ஃபெரிட்டின், சி.ஆர்.பி., லிவர், கிட்னி என்று ரத்தப் பரிசோதனைகளின் ஒரு நீளப் பட்டியல். வகையைச் சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. லேசான காய்ச்சலில் படுத்திருக்கும் ஆளுக்கு அந்தப் பட்டியலில் முக்கால்வாசி தேவையே இல்லை.

அரசு முறை ஒழுங்காக நடக்கிறது என்றும் நான் சொல்ல மாட்டேன். 2022இல் ஒரே வீட்டில் மூன்று பேருடைய மாதிரிகளை வகை பார்ப்பதற்காக அனுப்பினேன். நாலு தடவை போன் செய்த பிறகுதான் பதில் வந்தது. அதற்குள் அந்த மூன்று பேரும் குணமாகி அறுவடைக்கே போய்விட்டார்கள். படிவத்தில் ஆதார் முதல் அப்பா பெயர் வரை கேட்கத் தெரிகிறது, சிகிச்சை பார்க்கும் டாக்டருக்கு ஒரு வரி எழுதத் தெரியவில்லை. புது வகை வந்தால் "பதற்றம் வேண்டாம்" என்று அறிக்கை விடுகிறார்கள். வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர் இருந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு சொல் கிடையாது. அந்த இடைவெளியில்தான் இந்த மாதிரித் தம்பிகள் நுழைகிறார்கள்.

புது வகை எப்படி உண்டாகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக் கவிராயர் வீடுகளில் பழைய ஏடுகள் இருக்கும். ஒரு ஏட்டைப் பார்த்து இன்னொன்றில் எழுதும்போது ஓர் எழுத்து மாறும், அதைப் பார்த்து எழுதுகிறவர் அந்தப் பிழையோடு சேர்த்து எழுதுவார். புலவர்கள் அதைப் பாடபேதம் என்பார்கள். கொரோனா வைரஸின் ஏட்டில் சுமார் 30,000 எழுத்து இருக்கிறது. ஆள் மாறி ஆள் தொற்றிப் பரவும்போது மாதத்துக்கு ஒன்றிரண்டு எழுத்து மாறுகிறது. பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை. எப்போதாவது ஒரு பிழை, நம் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் முள் பகுதியில் விழுந்து, அந்த வைரஸ் மற்றதைவிட வேகமாகப் பரவ வழி செய்கிறது. 2021 மே மாதம் நம்மை அலைக்கழித்த டெல்டா அப்படி வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் பெயரிடப்பட்ட ஓமிக்ரானில் முள் பகுதியில் மட்டும் முப்பதுக்கு மேல் மாற்றம். அதற்குப் பிறகு 2023இல் ஜே.என்.1, 2025இல் என்.பி.1.8.1, எக்ஸ்.எஃப்.ஜி. என்று வாட்ஸ்அப்பில் ஓடியதெல்லாம் ஓமிக்ரானின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். பெயரில் எண் கூடுகிறது என்பதற்காக நோயும் கூடுகிறது என்று நினைக்க வேண்டாம்.

சிங்கப்பூரிலிருந்து வந்த பையனைக் குறை சொல்லவும் வேண்டாம். இந்தியாவில் 2021 டிசம்பர் 2ஆம் தேதி முதன்முதலாக அறிவித்த இரண்டு ஓமிக்ரான் நோயாளிகளில் ஒருவர் பெங்களூரு டாக்டர். அவர் வெளிநாடே போகாதவர். ஒரு வகைக்குப் பெயர் வைக்கும் நேரத்தில் அது பெரும்பாலும் ஊருக்குள் வந்திருக்கும்.

சரி, மாமியாருக்கு என்ன செய்வது? அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண கொரோனா பரிசோதனை கேளுங்கள். அங்கே முடியாது என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி. எந்தப் புது வகையாக இருந்தாலும் அந்தப் பரிசோதனை கொரோனா என்று காட்டிவிடும். வகை எதுவானாலும் சிகிச்சை ஒன்றுதான்.

8,500 ரூபாயில் ஒரு பங்குக்கு, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்குங்கள். காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் பாருங்கள். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்ட வேண்டும். மாட்டிய உடனே வரும் எண்ணைப் பார்க்காமல் ஒரு நிமிடம் பொறுங்கள். நகத்தில் மருதாணி கருஞ்சிவப்பாக ஏறியிருந்தால் அந்த விரலில் அளவு தப்பாகக் காட்டலாம். வளைகாப்பு வீடு என்பதால் சொல்கிறேன், மருதாணி வைக்காத விரலில் பாருங்கள். ஆறு நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடக்கவிட்டு மறுபடி பாருங்கள். 94க்குக் கீழே இறங்கினாலோ, நடந்த பிறகு மூன்று நான்கு எண் குறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. 90க்குக் கீழே என்றால் 108. காய்ச்சல் தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். பத்து நாள் வரை இந்தக் காவல் வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2021 மே மாதம் சேரன்மகாதேவிப் பக்கமிருந்து ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார்கள். மகன் கையில் இந்தத் தடிமன் ஃபைல், சி.டி. ஸ்கேன் படம், பதினாலாயிரம் ரூபாய்க்கு ரத்தப் பரிசோதனை. ஸ்கேன் சென்டருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் ஒருவர் ஆட்டோ வைத்து நேரே அங்கே கொண்டுபோயிருக்கிறார். ஒரு நாள் முழுக்க அதிலேயே போய்விட்டது. பெரியவர் என் எதிரில் உட்கார்ந்து நெல் விலை பேசிக்கொண்டிருந்தார். விரலில் மீட்டரை மாட்டினேன், 84. உதடு நீலம் பாரித்திருந்ததை மகன் அப்போதுதான் பார்த்தான். அவ்வளவு தாளிலும் அந்த ஓர் எண் இல்லை. பத்தொன்பது நாள் ஆக்ஸிஜனில் இருந்து பிழைத்து வீட்டுக்குப் போனார். அந்த ஒரு நாள் கையில் இருந்திருந்தால் அவ்வளவு பட்டிருக்க மாட்டார்.

அடுத்தது அந்த செட் மாத்திரை. பெயர் இல்லாமல், அட்டையிலிருந்து வெட்டி, சின்னத் தாள் கவரில் மூன்று வேளைக்குப் போட்டுத் தருகிறார்களே, அதைச் சொல்கிறேன். அதில் பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு இருக்கும். அதனால்தான் இரண்டு வேளையில் உடம்பு தெளிந்த மாதிரி தெரிகிறது. ஆக்ஸிஜன் குறைந்த நோயாளிக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. 2020இல் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வில் அது உறுதியானது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்பதும் அதே ஆய்வில்தான் தெரிந்தது. சர்க்கரை உள்ளவருக்கு அதைக் கொடுத்தால் சர்க்கரை 300, 400 என்று ஏறலாம். 2021இல் கருப்புப் பூஞ்சை வந்து கண்ணையும் மேல்தாடையையும் எடுக்க வேண்டிவந்தவர்களில் பலர், சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தவர்கள். இன்றைக்கே உங்கள் மாமியாருடைய சர்க்கரையைப் பாருங்கள்.

வகை பார்க்க வேண்டாம் என்று நான் சொன்னதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது கிட்னி மாற்றியவர், புற்றுநோய்க்கு கீமோ எடுப்பவர், மூட்டுவாதத்துக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் இருக்கிறார்களா? அவர்கள் கணக்கு வேறு. காய்ச்சலே இல்லாமல் வெறும் சோர்வாக மட்டும் வரலாம். ஊசி போட்டிருந்தாலும் உடம்பு அதை சரியாக ஏற்றிருக்காது. வைரஸ் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் உள்ளேயே தங்கிவிடும். அத்தனை நாளும் அது ஏட்டைப் படியெடுத்துக்கொண்டே இருக்கும், பிழைகளும் சேர்ந்துகொண்டே போகும். ஓமிக்ரான் மாதிரி திடீரென்று இத்தனை மாற்றத்தோடு வந்த வகைகள், இப்படி நீண்ட நாள் தொற்று தங்கிய ஓர் உடம்பில் உருவாகியிருக்கலாம் என்று விஞ்ஞானிகள் பலர் கருதுகிறார்கள். ஆகவே அவர்களுக்கு முதல் நாளே பரிசோதனை வேண்டும். வைரஸ் மருந்து வேண்டுமா என்று அவர்களுடைய டாக்டர் ஐந்து நாளுக்குள் முடிவு செய்துவிட வேண்டும், தாமதித்தால் பலன் குறையும். மூன்று நான்கு வாரம் கழித்தும் பாசிட்டிவ் என்றே வந்தால், அப்போது வகை பார்க்கச் சொல்லி டாக்டரே மாதிரியை அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் அந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

ஊசியைப் பற்றி: பழைய ஊசி, புது வகை தொற்றுவதை அவ்வளவாகத் தடுக்காது. நோய் முற்றாமல் காப்பதில் அதன் பங்கு இன்னும் இருக்கிறது, இடையில் வந்துபோன தொற்றுகளும் அதற்குத் துணை. "புது வேரியன்ட்டுக்குத் தனி ஊசி வந்திருக்கு" என்று யாராவது வீடு தேடி வந்தால் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வளைகாப்பைத் தள்ளத் தேவையில்லை, ஆனால் சில மாற்றம் வேண்டும். மகளை இன்றே வேறு அறைக்கு, முடிந்தால் வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதத்தில், நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். ஏ.சி. மண்டபத்தை விட்டுவிட்டு முற்றத்திலோ மாடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவராக வந்து முகத்தருகே குனிந்து கன்னத்தில் சந்தனம் பூசுவதுதான் அங்கே மிக நெருக்கமான நேரம். இருமல், சளி உள்ள எந்த அத்தையும் சித்தியும் அன்றைக்கு அந்த வரிசையில் நிற்க வேண்டாம், மனம் கோணினாலும் சொல்லிவிடுங்கள். மாமியாருக்கும் பையனுக்கும் காய்ச்சல் தொடங்கி ஏழு நாள் கழிந்து, அதில் கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அவர்களும் வரலாம். மகளுக்கே காய்ச்சல் வந்தால் விழாவை விட்டுவிட்டு அன்றே மகப்பேறு டாக்டரிடம் போங்கள்.

மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது அந்த செட் மாத்திரைக் கவரை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மீதி மாத்திரை ஒன்றிரண்டு அதில் இருந்தால் டாக்டர் பார்த்து என்னவென்று சொல்லிவிடுவார்.