மல்லாந்து படுத்திருப்பவருக்கு ஒரு காடு

குழந்தைகளுக்கான அறைகளை வடிவமைப்பதை 14 ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்துவருகிறேன். பிறக்கப்போகும் குழந்தைக்குக் காடு, கடல், மலை என்று இயற்கையை மையமாக வைத்து அறை அமைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு இது ஏழாம் மாதம். காடு, கடல், வானவில், யானை, பட்டாம்பூச்சி எல்லாமே பிடித்திருக்கிறது. படங்களைச் சேர்த்துச் சேர்த்து இப்போது தலை சுற்றுகிறது. எங்கே தொடங்குவது?

தரையில் தொடங்குங்கள். தொட்டில் வரப்போகும் இடத்தில் ஒரு பாயை விரித்து மல்லாந்து படுக்க வேண்டும். ஏழாம் மாதத்தில் உங்களுக்கு அது சிரமம், கணவரைப் படுக்கச் சொல்லுங்கள். என்ன தெரிகிறது என்று கேளுங்கள். கூரை, மின்விசிறி, கண்ணைக் கூசவைக்கும் ஒரு விளக்கு என்பார். நீங்கள் மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்கும் அந்தச் சுவர் அவர் கண்ணில் பட்டிருக்காது. உங்கள் குழந்தையும் முதல் சில மாதங்கள் இப்படித்தான் படுத்திருக்கப்போகிறது.

இன்னொன்றும் உண்டு. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தொலைவுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். தூக்கி வைத்திருப்பவரின் முகம் இருக்கும் தொலைவு அது. அதற்கு அப்பால் எல்லாம் மங்கல்தான். நிறங்களை நன்றாகப் பிரித்தறியச் சில மாதங்கள் ஆகும். அதுவரை கறுப்பும் வெள்ளையும் போன்ற அழுத்தமான வேறுபாடுகள்தான் அதன் கண்ணை இழுக்கும். ஆகவே, வெளிறிய பச்சையில் மெல்லிய இலை வரைந்த சுவர் உங்களுக்கானது. அதில் தவறில்லை. நள்ளிரவில் பால் கொடுத்தபடி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப்போவது நீங்கள்தானே. எது யாருக்கு என்று தெரிந்து செலவழித்தால் போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பத்துக்கு நம் மொழியிலேயே மருந்து இருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய மரம், பறவை, விலங்கு என்று வகுத்தும் வைத்திருக்கிறார்கள். ஒரு திணையை எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே நில்லுங்கள். நெய்தல் என்றால் மணல் நிறம், அலையின் நீலச்சாம்பல், புன்னை இலையின் கரும்பச்சை, ஓரிரு கடற்பறவைகள். அங்கே யானைக்கு இடமில்லை. யானை வேண்டுமென்றால் குறிஞ்சிக்குப் போய்விடுங்கள். பாலையை மட்டும் இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

கேள்வி: நான்கு சுவருக்கும் இலைப்பச்சை அடிக்கலாம் என்றிருக்கிறோம். சரியா?

வேண்டாம். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி அறையில் இருக்கும் எல்லாவற்றின் மீதும் பச்சையைப் பூசிவிடும், குழந்தையின் தோல் மீதும்தான். பிறந்த முதல் நாட்களில் மஞ்சள் காமாலை தெரிகிறதா என்று தோலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் சுவரின் நிறம் குறுக்கே வரக்கூடாது. ஒரு சுவருக்கு மட்டும் சாம்பல் கலந்த பச்சை அடியுங்கள். மற்றவை பால்வெள்ளையாகவோ மணல் நிறமாகவோ இருக்கட்டும். கடையில் சிறு அட்டையில் பார்த்த நிறம் சுவரில் இரண்டு மடங்கு அழுத்தமாகத் தெரியும். எனவே ஒரு பெரிய அட்டையில் அடித்து, அதைச் சுவரில் சாய்த்துவைத்து, காலையிலும் மாலையிலும் விளக்கு வெளிச்சத்திலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெயின்ட் வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, ஈயம். பல நாடுகளில் வீட்டு பெயின்டில் ஈயத்தின் உச்சவரம்பு பத்து லட்சத்தில் 90 பங்கு. டப்பாவில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால் வேறு டப்பாவை எடுங்கள். இரண்டு, ஆவியாகிக் காற்றில் கலக்கும் கரிம வேதிப்பொருள்கள் குறைவான வகை. எந்த வகையானாலும் குழந்தை வருவதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே வேலையை முடித்து, ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். பழைய வீடாக இருந்தால் சுவரிலும் கதவிலும் இருக்கும் பழைய பெயின்டைச் சுரண்டும் வேலைக்குக் கருவுற்றிருப்பவர் அருகிலேயே போகக்கூடாது. ஈயம் இருந்தால் அந்தத் தூசியில்தான் இருக்கும்.

கேள்வி: கணவருக்குப் புலி வேண்டுமாம், அதுவும் பெரிதாக. குழந்தை பயந்துவிடாதா?

பயப்படாது. புதிதாக வந்தவருக்குப் புலியும் ஒன்றுதான், பூனையும் ஒன்றுதான். உண்மையில் புலியின் கறுப்பு வரிகள் நீங்கள் வைக்க நினைக்கும் வெளிர்நிற முயலைவிட அதன் கண்ணுக்கு விருந்து. இரண்டு மூன்று வயதில் இருட்டைக் கண்டு பயம் வரும்போது மறுபடி பேசிக்கொள்ளலாம். உங்கள் கணவர் ஜெயித்துவிட்டார் என்று சொல்லுங்கள்.

கேள்வி: அறையில் செடிகள் வைத்தால் காற்று சுத்தமாகும் என்று படித்தேன். எத்தனை தொட்டி வைக்கலாம்?

இந்தக் கேள்வியை 11 பேர் கேட்டிருக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1989-இல் நாசா ஓர் ஆய்வை வெளியிட்டது. காற்றுப் புகாத சிறு கூண்டுக்குள் செடியை வைத்து, வேதிப்பொருள்களைச் செலுத்தி, எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். குறைந்தது உண்மைதான். ஆனால் உங்கள் அறை அடைத்து வைத்த கூண்டு அல்ல. கதவு, ஜன்னல், இடுக்கு எல்லாவற்றின் வழியாகவும் காற்று வந்து போய்க்கொண்டே இருக்கிறது. இதுபோன்ற ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை கணக்குப் போட்டுப் பார்த்தது. ஜன்னல் வழியாகத் தானாக நடக்கும் காற்றோட்டத்துக்குச் செடிகள் ஈடாக வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படுமாம். அத்தனையையும் வைத்துவிட்டால் தொட்டிலை எங்கே வைப்பீர்கள்?

அழகுக்காக வைக்கிறேன் என்றால் வையுங்கள், ஆனால் எந்தச் செடி என்று பாருங்கள். மணி பிளான்ட், பிலோடென்ட்ரான், டைஃபன்பேக்கியா மூன்றும் வீட்டுக்குள் அதிகம் வளர்க்கப்படுபவை. மூன்றின் இலையிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் இருக்கின்றன. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கிவிடும். அரளி இதயத்தையே தாக்கும் நஞ்சு, பேச்சே வேண்டாம். ஸ்பைடர் பிளான்ட், பாஸ்டன் ஃபெர்ன், அரேகா பனை ஆகியவை நஞ்சற்றவை. ஆனால் நஞ்சில்லாத செடியின் தொட்டியிலும் மண் இருக்கிறது, கூழாங்கல் இருக்கிறது. தவழத் தொடங்கிய குழந்தை முதலில் அதைத்தான் வாயில் போடும். ஓயாமல் நீர் ஊற்றினால் மண்ணில் பூஞ்சையும் வரும்.

என் வழி வேறு. செடியை ஜன்னலுக்கு வெளியே வைப்பேன். வெயில் ஏறும்போது இலைகளின் நிழல் மெல்லிய திரைச்சீலையில் விழுந்து அசையும். அதைவிட நல்ல இலைச் சித்திரத்தை எந்த ஓவியரும் எனக்கு இதுவரை வரைந்து கொடுத்ததில்லை.

கேள்வி: தொட்டிலுக்குள் இலை வடிவத் தலையணை, சுற்றிலும் மெத்தைத் தடுப்பு, ஒரு துணி யானை, மேலே கொடிகள் பின்னிய வலை. ஒரு குட்டிக் கூடு மாதிரி செய்யலாமா?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் கறாராக இருப்பேன். கூடாது, நான்கில் ஒன்றுகூடக் கூடாது.

தொட்டிலுக்குள் உறுதியான, சமதளமான மெத்தையும் அதன் மேல் இறுக்கமாகப் பொருந்தும் விரிப்பும் இருக்க வேண்டும். அப்புறம் குழந்தை, மல்லாந்த நிலையில். அவ்வளவுதான். மென்மையான எதுவும் முகத்தில் ஒட்டினால் அதைத் தள்ளிவிடும் வலு முதல் மாதங்களில் குழந்தைக்குக் கிடையாது. குழந்தையைக் குப்புறத் தூங்கவைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 1992-இல் பரிந்துரைத்தது. அதைத் தொடர்ந்து அந்த நாட்டில் திடீர்ச் சிசு மரணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. மெத்தைத் தடுப்பு விற்பதையே 2022-இல் அங்கே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். குழந்தை இடித்துக்கொள்ளுமே என்று கேட்பீர்கள். இடித்துக்கொண்டால் கொஞ்ச நேரம் அழும். மூச்சடைத்தால் அழக்கூட முடியாது.

தொட்டிலையும் அளந்து பாருங்கள். கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சிறியது. கூடு மாதிரி அலங்கரித்துப் படம் எடுக்க ஆசையாக இருந்தால், குழந்தை பிறப்பதற்கு முன்பே எடுத்துவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்களுக்குத் தனி அறை கிடையாது. எங்கள் படுக்கையறையின் ஒரு மூலைதான் இருக்கிறது. மனசு கஷ்டமாக இருக்கிறது.

எதற்குக் கஷ்டம்? குறைந்தது முதல் 6 மாதங்கள் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும் என்பதுதான் அதே அகாடமியின் பரிந்துரை. பெரிய தனி அறை கட்டியவர்களும் கடைசியில் தொட்டிலை உருட்டிக்கொண்டு உங்கள் மாதிரி மூலைக்குத்தான் வருவார்கள். மூலைக்கு மேலே கூரையில் இரண்டு கைகள் அகலத்துக்கு ஒரு மரக்கிளையை அழுத்தமான கோட்டில் வரைந்துவிடுங்கள். காடு முடிந்தது.

கேள்வி: வாடகை வீடு, பெயின்ட் அடிக்க அனுமதி இல்லை. ஒட்டும் இலைப் படங்கள் பரவாயில்லையா?

பரவாயில்லை, தொட்டிலிலிருந்து கை எட்டாத இடத்தில் மட்டும். நகம் பட்டு ஓரம் கிளம்பினால் உரித்து வாயில் போட்டுக்கொள்வதில் எட்டு மாதக் குழந்தைக்கு இணையில்லை. பெரிய காகிதத்தில் நீங்களே உண்மையான இலைகளுக்குச் சாயம் தொட்டு அச்சு எடுத்து எதிர்ச்சுவரில் ஒட்டினால் இன்னும் நன்றாக இருக்கும். கண்ணாடிச் சட்டம் போட்ட கனமான படம் எதையும் தொட்டிலுக்கு மேலே மாட்டாதீர்கள்.

கேள்வி: மழைச் சத்தம், ஆற்றுச் சத்தம் போடும் கருவி வாங்கியிருக்கிறோம். தொட்டிலிலேயே மாட்டலாமா?

மாட்டக்கூடாது. 2014-இல் இப்படிப்பட்ட 14 கருவிகளை முழு ஒலியில் சோதித்தார்கள். மருத்துவமனைக் குழந்தைப் பிரிவுகளுக்கு வகுத்த 50 டெசிபெல் வரம்பை அருகிலிருந்து எல்லாமே தாண்டின. மூன்று கருவிகள் 85 டெசிபெலையும் தாண்டின. தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கே காதைப் பாதுகாக்கச் சொல்லும் அளவு அது. குறைந்தது 2 மீட்டர் தள்ளி, குறைந்த ஒலியில், தூங்கும் வரை மட்டும் ஓடட்டும். வெளியே நிஜ மழை பெய்யும் நாளில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் கருவியை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: நட்சத்திரங்களைக் கூரையில் காட்டும் விளக்கு இரவு முழுவதும் எரியலாமா?

தூங்கும் நேரத்தில் இருட்டுதான் நல்லது. பகல் எது, இரவு எது என்ற கணக்கே குழந்தைக்கு இரண்டு மூன்று மாதத்தில்தான் பிடிபடத் தொடங்குகிறது. பகலில் திரையை விலக்கி வெளிச்சம் வரவிடுங்கள். இரவில் பால் கொடுக்கும்போது தாழ்வாக, மங்கலாக, செம்மஞ்சள் நிறத்தில் ஒரு விளக்கு போதும். நீல வெளிச்சம் வேண்டாம். பணம் மிச்சமிருந்தால் நட்சத்திர விளக்கைவிட நல்ல திரைச்சீலைக்குக் கொடுங்கள். அதில் தொங்கும் கயிறு இருக்கக்கூடாது, தொட்டிலும் ஜன்னலை ஒட்டி இருக்கக்கூடாது. அந்த விளக்கின் ரிமோட்டைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே பொத்தான் பேட்டரி இருந்தால் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும்.

கேள்வி: நாங்கள் இருவரும் மலையேறுபவர்கள். சேர்த்துவைத்த பைன் காய்கள், சிப்பிகள், கற்கள், விதைகளை அலமாரியில் வைக்க ஆசை.

வையுங்கள், உங்கள் தோள் உயரத்துக்கு மேல். பொம்மைகளில் சிறு பாகம் எது என்று சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் அடங்கும் எதுவும் மூன்று வயது வரை கைக்கு எட்டக்கூடாது. காட்டில் பொறுக்கிய குச்சிக்குள் பூச்சி இருக்கலாம், பட்டையை உரித்துக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். அலமாரியைச் சுவரோடு திருகிப் பிணைப்பது மிக முக்கியம். உங்கள் பிள்ளை ஆயிற்றே, முதலில் ஏறப்போகும் மலை அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: அம்மா, நான் தாத்தா ஆகப்போகிறவன். கொஞ்சம் தச்சு வேலை தெரியும். தொட்டிலுக்கு மேலே சுற்றும் மரப்பறவைகள் செய்ய ஆசை. என்னென்ன பறவை செய்யலாம்?

ஐயா, நாரையோ மைனாவோ, உங்களுக்கு வடிக்க வந்தது எதுவானாலும் சரி. ஒன்றை மட்டும் பாருங்கள். கடையில் விற்பவை பெரும்பாலும் நின்று பார்க்கும் பெரியவர்களுக்காகச் செய்தவை. பறவையின் பக்கவாட்டுத் தோற்றம் நமக்கு அழகாகத் தெரியும், கீழே படுத்திருப்பவருக்கு ஒரு மெல்லிய மரக்கோடுதான் தெரியும். ஆகவே நீங்கள் சிறகு விரித்துப் பறக்கும் பறவையாகச் செய்து, வயிற்றுப் பக்கம் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போடுங்கள். முதல் சில மாதங்களுக்கு அந்தக் கறுப்பு வெள்ளையே போதும், ஒரு சிவப்பு அலகு உங்கள் திருப்திக்கு. ஓரங்களை நன்றாக இழைத்துவிடுங்கள், ஈயமில்லாத பெயின்ட் பூசுங்கள், கூரையில் உறுதியான கொக்கியில் மாட்டுங்கள், கயிறு குழந்தையின் கைக்கு எட்டக்கூடாது.

குழந்தை கைகளை ஊன்றி எழும்பத் தொடங்கியதும், அல்லது ஐந்து மாதம் ஆனதும், எது முதலில் வந்தாலும் கழற்றிவிட வேண்டும். வருத்தப்படாதீர்கள், அதே பறவைகளை ஜன்னல் மேல்சட்டத்தில் மாட்டிவிடலாம். மாட்டுவதற்கு முன் தொட்டில் இருக்கும் இடத்தில் நீங்களே ஒருமுறை படுத்துப் பாருங்கள். எழுந்திருக்க உதவிக்கு யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.