91 ஏன் பகா எண் இல்லை? பேரனுக்குப் புரிய வைப்பது எப்படி?

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் வகுபடும் தன்மை விதிகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான். ஆனால் தேர்வில் 51, 91 இரண்டையும் பகா எண் என்று எழுதி மதிப்பெண்ணை விட்டுவிட்டான். காரைக்குடியில் ஒரு விரைவுக் கணித வகுப்பில் சேர்த்தால் பத்தே நாளில் சரியாகிவிடும் என்று வீட்டுக்கே வந்து சொல்கிறார்கள். பணம் முழுவதையும் முதலிலேயே கட்டிவிட வேண்டுமாம். நான் எட்டாவது வரை படித்தவள். வீட்டில் வைத்தே சொல்லிக்கொடுக்க வழி உண்டா?
– ஓர் அப்பத்தா, பள்ளத்தூர்

பதில்: பணம் கட்டாதீர்கள் அம்மா. எட்டாவது வரை படித்தவர் தாராளமாகச் சொல்லிக்கொடுக்கக்கூடிய விஷயம் இது. இரண்டு கை புளியங்கொட்டையும் ஒரு பல்லாங்குழிப் பலகையும் போதும்.

முதலில் ஒன்று. 51-இல் அவன் செய்த தவறும் 91-இல் செய்த தவறும் வேறு வேறு. 51-க்கு விதி தெரியும்: 5 + 1 = 6, ஆக 3-ஆல் வகுபடும். தெரிந்தும் போட்டுப் பார்க்கவில்லை. ஒற்றைப்படை எண், 5-இலும் முடியவில்லை, அதனால் பகா எண்தான் என்று கண்ணாலேயே முடிவு செய்துவிட்டான். 91-க்கோ அவனிடம் விதியே இல்லை. பள்ளியில் 2 முதல் 11 வரை, 7-ஐ மட்டும் விட்டுவிட்டு, ஒன்பது விதிகள் சொல்லித்தருகிறார்கள். 100-க்குள் பிள்ளைகளை ஏமாற்றுவதே அந்த 7-தான். ஒன்பது விதிகளையும் கரும்பலகையில் வரிசையாக எழுதிப்போட்டு, பாடத்தை முடித்தாயிற்று என்று பதிவேட்டில் குறித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனால் பிள்ளை ஒப்பிக்கத்தான் செய்வான். வேறென்ன செய்வான்?

ஒற்றைப்படை எண்ணும் பகா எண்ணும் ஒன்று என்று நினைக்கிறானா என்பதை முதல் நாளே சோதியுங்கள். "9 பகா எண்ணா? 15?" என்று கேளுங்கள். தயங்கினால், வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் இருக்குமே, அதில் உட்கார வையுங்கள். ஒரு கல்லுக்கு ஒரு புளியங்கொட்டை. 12 கொட்டையைக் கொடுத்து, இடைவெளியோ மிச்சமோ இல்லாத செவ்வகமாக அடுக்கச் சொல்லுங்கள். ஒரே வரிசையில் 12, இரண்டு வரிசையில் ஆறாறு, மூன்று வரிசையில் நாலு நாலு என்று மூன்று விதமாக வரும். பிறகு 13 கொடுங்கள். ஒரே நீள வரிசைதான் வரும், வேறு எப்படி அடுக்கினாலும் கொட்டை மிஞ்சும் அல்லது குறையும். ஒரே வரிசையைத் தவிர வேறு எதிலும் அடங்காத எண் பகா எண். 9 மூன்று மூன்றாக அடங்கிவிடும், ஆகவே பகு எண். 2 முதல் 20 வரை அவனே அடுக்கி, அவனே பட்டியல் போடட்டும். நீங்கள் விடை சொல்ல வேண்டாம். 2 மட்டும்தான் இரட்டைப்படைப் பகா எண் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து, விதி ஏன் வேலை செய்கிறது என்பது. நம் பக்கத்துப் பிள்ளைக்கு 9-ஐ விளக்க நகரத்தார் கோயில்கள் ஒன்பதும் இருக்கின்றன. 372 ரூபாயை ஒன்பது கோயில் உண்டியலுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். நூறு ரூபாய் நோட்டு ஒன்றை மாற்றினால் கோயிலுக்கு 11 போக 1 ரூபாய் மிஞ்சும். மூன்று நோட்டுக்கு 3 ரூபாய். பத்து ரூபாய் நோட்டில் கோயிலுக்கு 1 போக 1 மிஞ்சும். ஏழு நோட்டுக்கு 7 ரூபாய். சில்லறை 2. ஆக மிச்சம் 3 + 7 + 2 = 12. அதிலும் ஆளுக்கு ஒன்று கொடுத்தால் கடைசியில் 3 ரூபாய் நிற்கும். எனவே 372, 9-ஆல் வகுபடாது. இலக்கங்களை ஏன் கூட்டுகிறோம் என்பது இவ்வளவுதான்: ஒவ்வோர் இலக்கமும் அந்தந்த நோட்டில் மிஞ்சிய காசு. 3-க்கும் இதே கணக்கு. இதை நிஜ நோட்டு வைத்து ஒருமுறை செய்த பிள்ளை, இலக்கக் கூட்டலை 7-க்கும் 27-க்கும் நீட்டிக்கொண்டு போக மாட்டான். பத்து ரூபாயை ஏழு பேருக்குப் பிரித்தால் 1 மிஞ்சாது, 3 மிஞ்சும் என்று அவனுக்கே தெரியும். 4-க்குக் கடைசி இரண்டு இலக்கம் போதும் என்பதும் இப்படித்தான்: நூறு ரூபாய் நாலு பேருக்கு மிச்சமில்லாமல் பிரிந்துவிடும், ஆகவே நூறுகளைப் பார்க்கத் தேவையில்லை.

இனி 7. பல்லாங்குழிப் பலகையில் ஒரு பக்கத்துக்கு ஏழு குழி. 91 கொட்டையை எண்ணிக் கொடுங்கள். ஒவ்வொன்றாகப் போட்டால் நேரமாகும், எண்ணிக்கையும் தவறும். முதலில் குழிக்குப் பத்துப் பத்தாகப் போடச் சொல்லுங்கள், 70 போய்விடும். மீதி 21, குழிக்கு மூன்று. ஒன்றும் மிஞ்சாது. 7 × 13 = 91. அதையே 97-க்குச் செய்தால் 70 போக 27, அதில் 21 போக 6 கையில் நிற்கும். இதுதான் நீள் வகுத்தல், அதே வேலையைக் குழியில் செய்கிறான். கடைசி இலக்கத்தை இரட்டித்து முன்னால் இருப்பதில் கழிக்கும் முறை 7-க்கு உண்டு. 91-க்கு 9 − 2 = 7 என்று வரும். தவறில்லை. ஆனால் ஏழாம் வாய்ப்பாடு தடுமாறும் பிள்ளைக்கு அது இன்னொரு ஒப்பிப்பு. இரண்டு இலக்க எண்ணுக்கு நேராக வகுப்பதே சீக்கிரம்.

100-க்குள் எந்த எண்ணுக்கும் 2, 3, 5, 7 நான்கையும் பார்த்தால் போதும். அதற்கு மேல் ஏன் பார்க்க வேண்டாம் என்று அவன் கேட்பான், கேட்க வேண்டும். ஒரு பகு எண்ணுக்கு 7-ஐத் தாண்டித்தான் பகாக் காரணிகள் கிடைக்கும் என்றால், மிகச் சிறியதாக எடுத்தாலும் 11 × 11 = 121. 100-ஐத் தாண்டிவிட்டது.

இதைச் சல்லடைக் கட்டத்தில் ஒருமுறை செய்யட்டும். 1 முதல் 100 வரை எழுதி, 1-ஐ அடித்துவிட்டு, 2-ஐ வட்டமிட்டு மற்ற இரட்டைப்படைகளை அடிக்க வேண்டும். பிறகு 3, 5, 7. பிள்ளைகள் இரண்டு இடத்தில் தவறுவார்கள்: 2-ஐயே சேர்த்து அடித்துவிடுவார்கள், அல்லது ஏழேழாகத் தாண்டும்போது ஒரு கட்டம் பிசகும். சரிபார்க்க இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். 2-ஆல் புதிதாக அடிபடுவது 49 எண்கள், 3-ஆல் 16, 5-ஆல் 6, 7-ஆல் வெறும் 3. மொத்தம் 74, அத்துடன் 1-ஐயும் சேர்த்தால் 75. மிஞ்சும் 25 பகா எண்கள். 7-ஆல் மட்டும் சிக்கும் அந்த மூன்றும் 49, 77, 91. உங்கள் பேரன் தவறவிட்டது அதில் ஒன்று.

1 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் குழம்புவது இங்கேதான். "1 பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை" என்று ஒரு மதிப்பெண் கேள்விக்காக உருப்போட வைக்கிறார்கள், காரணம் சொல்வதில்லை. ஒரு புளியங்கொட்டையும் ஒரே விதமாகத்தானே அடுக்கப்படும், அப்படியானால் பகா எண்தானே என்று பிள்ளை கேட்டால், நல்ல கேள்வி என்று சொல்லுங்கள். 1914-இல் வெளியான, அமெரிக்கக் கணித அறிஞர் லேமரின் பகா எண் பட்டியலே 1-இலிருந்துதான் தொடங்கியது. பிறகு ஏன் விலக்கினார்கள்? 12-ஐப் பகா எண்களாகப் பிரித்தால் 2 × 2 × 3. எந்த வழியில் பிரித்தாலும் இதே மூன்று எண்கள்தான் வரும். 1-ஐச் சேர்த்துவிட்டால் 1 × 2 × 2 × 3 என்றும் எழுதலாம், 1 × 1 × 2 × 2 × 3 என்றும் எழுதலாம், முடிவே இருக்காது. ஒரு எண்ணுக்கு ஒரே பகாக் காரணிப் பிரிப்பு என்ற விதி குலையும். மீப்பெரு பொதுக் காரணி (மீ.பெ.கா.), மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) கணக்கெல்லாம் அந்த விதியின் மேல்தான் நிற்கிறது. சல்லடையிலும் பாருங்கள்: 1-ஐ வட்டமிட்டு அதன் மடங்குகளை அடித்தால் கட்டத்தில் ஓர் எண்ணும் மிஞ்சாது. பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு வெவ்வேறு காரணிகள் வேண்டும். 1-க்கு இருப்பது ஒன்றுதான். "தன்னாலும் 1-ஆலும் மட்டும் வகுபடுவது" என்ற அரைகுறை வரையறையை நோட்டில் எழுதியிருந்தால் "சரியாக இரண்டு காரணிகள் கொண்டது" என்று திருத்தச் சொல்லுங்கள்.

இப்போது அந்த வகுப்புக்காரர்கள். வீட்டுக்கு வருகிறவர் பெரும்பாலும் ஆசிரியர் அல்ல, ஆள் சேர்ப்பதற்குக் கமிஷன் வாங்குபவர். அவர் காட்டும் வித்தை, பிள்ளை பெரிய எண்ணைப் பார்த்ததும் விடை சொல்வது. அது அட்டையை மனப்பாடம் செய்ததால் வருவது. அட்டையில் இல்லாத எண்ணைக் கொடுத்தால் நின்றுவிடும். அவரிடமே கேளுங்கள்: "18, இரண்டாலும் ஆறாலும் வகுபடுகிறதே, அப்படியானால் பன்னிரண்டால் வகுபடுமா?" ஆறுக்கு 2, 3 இரண்டையும் பார் என்று சொல்லித்தருகிறவர்கள், அது ஏன் 2, 6 என்று போனால் பலிக்காது என்பதைச் சொல்வதே இல்லை. 2-க்கும் 6-க்கும் 2 பொதுக் காரணி, ஒரே சோதனையை இரண்டு முறை செய்த மாதிரி. 12-க்கு 3, 4 என்று பார்க்க வேண்டும். பதில் வராவிட்டால் வாசலோடு அனுப்பிவிடலாம். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு வருகிறது, இப்போதே சேர்த்தால்தான் ஆச்சு என்று பயமுறுத்துவார்கள். அந்தத் தேர்வுக்கும் காரணம் புரிந்த பிள்ளைதான் தாங்குவான்.

கடையில் பகா எண் அட்டை வாங்குவதானாலும் சோதித்து வாங்குங்கள். 1-இல் தொடங்கினால் வைத்துவிடுங்கள். 51, 57, 87, 91 இருந்தாலும் அப்படியே. முதல் எண் 2, கடைசி எண் 97, மொத்தம் 25 இருக்க வேண்டும். அவன் கையால் போட்ட சல்லடையைச் சுவரில் ஒட்டினால் அட்டையே வேண்டாம்.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம், ஒரு வேலை மட்டும்: தளத்தில் அடுக்குவது இரண்டு நாள், நோட்டுக் கணக்கு இரண்டு நாள், பல்லாங்குழி ஒரு நாள், சல்லடை இரண்டு நாள். பிறகு 143, 149, 221 மூன்றையும் கொடுங்கள். 143, 149 இரண்டுக்கும் 11 வரை பார்த்தால் போதும், 13 × 13 = 169 என்பதால். 143 = 11 × 13 என்று பிரியும், 149 எதிலும் சிக்காது, பகா எண். 221-க்கு 13 வரை பார்க்க வேண்டும். 11-இல் நிறுத்திவிட்டுப் பகா எண் என்று சொன்னால் தவறு என்று சொல்லாதீர்கள். "17 × 17 எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள். 289 என்று வந்ததும் 13-ஐ விட்டது அவனுக்கே தெரியும். 221 = 13 × 17.